குதிச்சியா, தள்ளி விட்டாங்களா?

வீடியோவை அனுப்பி அரை மணி நேரம் கழித்து மாமாவிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. "பார்த்தேன் மாப்ள. நல்லாத்தான் இருக்குது. ஒண்ணு மட்டும் சொல்லு. நீ குதிச்சியா, இல்ல தள்ளி விட்டாங்களா?" அவ்வளவுதான். பின்னால் ஓர் ஆட்டுக்குட்டி கத்திக்கொண்டிருந்தது. பதின்மூவாயிரம் அடி உயரத்தில் விமானத்தின் கதவைத் திறந்து, துபாய்க் கடலுக்கு மேலே, பாம் ஜுமேரா என்ற அந்தப் பேரீச்சை மரத் தீவின் தலைக்கு நேராக இறங்கியிருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது இது ஒன்றைத்தான்.

"குதிச்சேன் மாமா, பின்ன என்ன" என்று உடனே பதில் போட்டேன். போட்டுவிட்டேனே தவிர, அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அலுவலகத்தில், கராமாவில் நாங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மெஸ்ஸில், பார்த்த எல்லோரிடமும் "ஸ்கைடைவிங் குதிச்சேன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். தமிழில் குதிப்பது வேறு, விழுவது வேறு. விழுந்தவனுக்கு அடிபட்டதா என்று கேட்பார்கள். குதித்தவனைப் பார்த்து ஏன் என்று கேட்பார்கள். நான் எந்த வகை என்று எனக்கே தெரியாமல் போனதுதான் தொந்தரவு.

இதை வேறு யார் கேட்டிருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். மாமா கேட்டால் அப்படி விட முடியாது. எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவர் அவர். ஓமலூர்ப் பக்கம் அவர் தோட்டத்துக் கிணற்றில், நான்காம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில். இடுப்பில் காய்ந்த சுரைப்புருடையைக் கட்டி, அதற்கு மேல் ஒரு கயிற்றையும் கட்டி, கயிற்றின் மறுமுனையை அவர் கையில் சுற்றிக்கொண்டு படிக்கட்டில் நிற்பார். நான் தண்ணீரைக் குடித்துக் குடித்து இருமிக்கொண்டே காலை உதைப்பேன். மூன்று நாள் இப்படிப் போனது. நான்காம் நாள் புருடையையும் கயிற்றையும் அவிழ்த்துவிட்டு, மேலே மோட்டார் ரூம் பக்கத்துத் திட்டில் என்னை நிறுத்தினார். "குதிடா" என்றார். குதித்தேன். இன்றைக்கும் எங்கள் வீட்டில் விசேஷம் என்று நாலு பேர் கூடினால் அம்மா சொல்லுவார், "நாலே நாள்ல தானா கிணத்துல குதிச்சவன் இவன்" என்று. என்னைப் பற்றி வீட்டில் சொல்லப்படும் கதைகளில் எனக்குப் பெருமை தருவது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் பரீட்சை மார்க் சம்பந்தப்பட்டவை.

குழாயடி

வானத்துக்குப் போவதற்கு எட்டு மாதம் முன்னால் நான் முதலில் பறந்தது ஒரு மாலுக்குள். மிர்திஃப் சிட்டி சென்டரில் ஐஃப்ளை என்று ஒன்று இருக்கிறது. கீழே பலசரக்கு வாங்கிக்கொண்டிருப்பார்கள், மேலே ஆட்கள் கண்ணாடிக் குழாய்க்குள் மிதந்துகொண்டிருப்பார்கள். தத்துவம் எளிதானது. வானத்தில் காற்று சும்மா இருக்கிறது, நாம் அதற்குள் விழுகிறோம். இங்கே நாம் சும்மா இருக்கிறோம், காற்று கீழிருந்து மேலே பாய்கிறது. ராட்சத விசிறிகள் காற்றைச் சுற்றிவிட, குழாய் குறுகும் இடத்தில் அது வேகமெடுத்து, மணிக்கு 150, 200 கிலோமீட்டரில் மேலே வருகிறது. விழுகிறோமா மிதக்கிறோமா என்று வயிற்றுக்கும் தோலுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. அதனால்தான் ஆயிரக்கணக்கில் குதித்த ஆட்கள்கூட இந்த டனலுக்கு வந்து பயிற்சி எடுக்கிறார்கள். வானத்தில் ஒருமுறை குதித்தால் சுதந்திரமாக விழக் கிடைப்பது சுமார் ஒரு நிமிடம். இங்கே காசு இருந்தால் அரை மணி நேரம்கூட விழலாம்.

காதில் பஞ்சு மாதிரி அடைப்பான், கண்ணாடி, ஹெல்மெட், உடம்பெல்லாம் தொளதொள என்று ஒரு முழு உடை. உள்ளே இரைச்சலில் பேச முடியாது, எல்லாம் கை ஜாடைதான். இரண்டு விரல் நீட்டினால் காலை நீட்டு. அதே விரல்களை மடக்கினால் காலை மடக்கு. மோவாயில் விரல் வைத்தால் தலையைத் தூக்கு. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டி ஆட்டினால், உடம்பைத் தளர விடு. எனக்குக் கிடைத்ததெல்லாம் இந்தக் கடைசி ஜாடைதான். தளர விடு, தளர விடு, தளர விடு. தளர்வதற்கு நான் பட்ட பாட்டைப் பார்த்தால் யாரும் என்னைத் தளர்ந்தவன் என்று சொல்லமாட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தளர்ந்தேன். முட்டி விறைத்தது, ஒரு பக்கம் சாய்ந்தேன், கண்ணாடிச் சுவரில் தோள் மோதியது, அடியில் இருக்கும் கம்பி வலையில் தொப்பென்று உட்கார்ந்தேன். வாயை மூட மறந்ததில் எச்சில் மேல்நோக்கி ஓடிக் கன்னத்தில் அப்பியது. எனக்கு முன்னால் போன ஆறேழு வயதுப் பையன் தட்டில் வைத்த அப்பளம் மாதிரி அசையாமல் மிதந்துவிட்டு வந்து, பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தான். சின்னப் பிள்ளைகளுக்குக் காற்று குறைவாக வைத்தால் போதும். அதோடு, தளர விடு என்றால் அவர்கள் அதை ஒரு வேலையாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆளுக்கு இரண்டு முறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. இரண்டாவது முறை கடைசிப் பத்து விநாடி எனக்குச் சரியாக வந்தது. உள்ளங்கையைக் கொஞ்சம் சாய்த்தேன், உடம்பு மெதுவாக இடப்பக்கம் திரும்பியது. மறுபடி சாய்த்தேன், நின்றது. அவ்வளவுதான் நடந்தது. ஆனாலும் சைக்கிளை முதன்முதலில் பின்னால் யாரும் பிடிக்காமல் ஓட்டிய அன்றைக்கு வந்த அதே சந்தோஷம்.

அலுவலகத்தில் சொன்னேன். எனக்குப் பக்கத்து மேஜைக்காரர் திருநெல்வேலி. அவர் எல்லாவற்றுக்கும் ஒரு தீர்ப்பு வைத்திருப்பார். "குழாயடியில குளிச்சிட்டு குத்தாலத்துல குளிச்சேன்னு சொல்லுவியாக்கும்?" என்றார். அந்த வார்த்தை முள்ளாகத் தைத்தது. பாம் ஜுமேராவுக்கு மேலே போய்க் குதிப்பது என்று நான் முடிவு செய்ததற்கு ஆசையைவிட இந்த ஒரு வாக்கியம்தான் காரணம். இரண்டாயிரம் திர்ஹாமுக்கு மேல் போகும் ஒரு செலவை, ஒருவர் டீ குடித்துக்கொண்டே சொன்ன கிண்டலுக்காகச் செய்தேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

குத்தாலம்

வீட்டில் சொல்லவில்லை. சொல்ல முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. 2014-இல் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையத்தில், பாராசூட் பயிற்சிக்கு பெங்களூரிலிருந்து வந்த ஓர் இளம்பெண் விழுந்து இறந்துபோனார். பயணிகள் விமானம் வராமல் அந்த நிலையம் கிடந்த காலம் அது. எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பாராசூட் என்றால் இன்றும் அந்தப் பெண்தான் ஞாபகம். அம்மாவிடம் நான் எந்தப் புள்ளிவிவரத்தைச் சொன்னாலும் எடுபடாது. எனவே மாமாவிடம் மட்டும், அதுவும் முடிந்த பிறகு.

ஆனால் என்னளவில் நான் படித்துத்தான் போனேன். முதல்முறை வருகிறவர்களை இப்போது பெரும்பாலும் தனியாக விடுவதில்லை. டேண்டம் என்று, இன்ஸ்ட்ரக்டரின் வயிற்றோடு நம் முதுகைத் தோள்களிலும் இடுப்பிலும் நான்கு கொக்கிகளில் மாட்டிவிடுகிறார்கள். இரண்டு பேர் எடை சேர்ந்தால் விழும் வேகம் ஏறிவிடும் என்பதால் முதலில் ஒரு சின்னப் பாராசூட்டை வீசி, ஒற்றை ஆள் விழும் வேகத்துக்கு, மணிக்கு 190 கிலோமீட்டர் போல, இழுத்துப் பிடிக்கிறார்கள். பெரிய பாராசூட் பழுதானால் இன்னொன்று முதுகிலேயே இருக்கிறது. இன்ஸ்ட்ரக்டருக்கு மயக்கமே வந்தாலும், குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே இன்னும் வேகமாக விழுந்துகொண்டிருந்தால், ஒரு சிறிய கருவி தானாகவே இரண்டாவது பாராசூட்டைத் திறந்துவிடும். 1991-இல் ஜெர்மனியில் செய்த சைப்ரஸ் என்ற கருவி வந்த பிறகுதான் இது பரவலானது. இவ்வளவும் தெரிந்திருந்ததால் பயமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த நினைப்பைப் பற்றித்தான் பின்னால் பேச வேண்டியிருக்கிறது.

துபாய் மரீனா பக்கத்தில் இருக்கும் அந்த ஸ்கைடைவிங் இடத்தில் எடை பார்த்தார்கள், அடையாள அட்டை பார்த்தார்கள், பக்கம் பக்கமாகக் கையெழுத்து வாங்கினார்கள். செத்தால் நாங்கள் பொறுப்பல்ல என்பதை எத்தனை விதமாகச் சொல்ல முடியும் என்று அன்றுதான் தெரிந்தது. எனக்கு வாய்த்த இன்ஸ்ட்ரக்டர் பிரேசில்காரர். என்னைவிட வயதில் சின்னவர். கட்டிக்கொண்டிருந்த பட்டைகளை இழுத்து இறுக்கிக்கொண்டே மூன்று விஷயம் சொன்னார். கதவருகே தலையைப் பின்னால் சாய்த்து என் தோளில் வை. காலை விமானத்துக்கு அடியில் மடக்கு. கை இரண்டும் மார்பில் இருக்கும் பட்டையைப் பிடித்திருக்கட்டும், நான் தோளில் தட்டும்வரை எடுக்காதே.

ட்வின் ஆட்டர் விமானம். பெஞ்சில் முன்பின்னாகக் காலைப் பரப்பி உட்கார்ந்து, ஏறக் கால் மணி நேரத்துக்கு மேல். ஜன்னலில் பாம் ஜுமேரா முதலில் கட்டடங்களாகத் தெரிந்தது, பிறகு வரைபடமாக, கடைசியில் அம்மா வாசலில் போடும் கோலம் அளவுக்கு. கதவைத் தூக்கினார்கள். இரைச்சலும் குளிரும் ஒன்றாக உள்ளே வந்தன. எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் காணாமல் போனார்கள். விழுந்தார்கள் என்று சொல்லத் தோன்றவில்லை, அங்கே இருந்தார்கள், அடுத்த கணம் இல்லை. எங்கள் கேமராக்காரர் வெளியே போய்க் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் அமைதியாகச் சிரித்தேன். பிறகு ஒரு முன் ஆட்டம், ஒரு பின் ஆட்டம், வெளியே.

எல்லோரும் கேட்பது, வயிறு கலங்கியதா என்று. இல்லை. சேலத்தில் ஆடிப் பண்டிகைக்குப் போடும் பொருட்காட்சி ராட்டினத்தில் ஏறினால் எனக்கு இன்றும் வயிறு தொண்டைக்கு வரும். இங்கே வரவில்லை. விமானமே நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது, அதிலிருந்து வெளியேறியவுடன் அந்தக் காற்று எதிரே நின்று தாங்குகிறது. எதிரே வந்த காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கீழிருந்து வரும் காற்றாக மாறிவிடும். பத்து விநாடி சுமாரில் வேகம் ஒரு நிலைக்கு வந்துவிட, அதன்பிறகு அது டனல்தான். அதே காற்று, அதே கன்னத் துடிப்பு. நான் பழக்கதோஷத்தில் உள்ளங்கையைச் சாய்த்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. முதுகில் ஒரு ஆள், அவர் முதுகில் ஒரு மூட்டை. நான் அவர்களுக்கு அடியில் கட்டிய பொதி. நான் எப்படிச் சாய்த்தால் என்ன, அவர் எப்படி விழ வேண்டுமோ அப்படித்தான் விழுந்தார்.

பாராசூட் திறந்ததும் தொடைப் பட்டைகள் வெடுக்கென்று இழுத்தன. அதுவரை இருந்த இரைச்சல் அப்படியே நின்றது. டிவியை யாரோ அணைத்த மாதிரி. முதுகுக்குப் பின்னால் பிரேசில்காரர் சாதாரணமாக, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போல, "ஹவ் ஆர் யூ?" என்றார். எனக்கு உண்மையில் பிடித்தது இந்த ஐந்தாறு நிமிடம்தான். கைப்பிடிகளை என்னிடம் தந்தார், வலதை இழுத்தால் வலப்பக்கம் சுற்றியது. கடலின் நிறம் ஆழத்துக்கு ஆழம் மாறுவது தெரிந்தது. காலைத் தூக்கி நீட்டிக்கொள்ளச் சொன்னார், புல்லில் சறுக்கி உட்கார்ந்தோம். எழுந்தபோது முழங்கால் கொஞ்சம் ஆடியது. தொண்டை வறண்டிருந்ததில் முதலில் தண்ணீர்தான் கேட்டேன்.

பதினான்காவது விநாடி

மாமாவின் கேள்விக்கு நான் "குதிச்சேன்" என்று பதில் போட்டதற்கு மறுநாள் காலையில் இன்னொரு குரல் பதிவு வந்தது. "கதவுகிட்ட உன் கை என்ன பண்ணுதுன்னு ஒருக்கா நிறுத்திப் பாரு."

லேப்டாப்பில் போட்டு நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பதினான்காவது விநாடி. கதவின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறோம், நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஞாபகமிருக்கும் அதே அமைதியான சிரிப்பு. அதே நேரத்தில் என் வலது கை மார்புப் பட்டையிலிருந்து கழன்று, பக்கவாட்டில் நகர்ந்து, கதவோரத்துக் கம்பியைப் பிடிக்கிறது. முகத்துக்கு அந்தக் கையோடு சம்பந்தமே இல்லை. பின்னாலிருந்து கையுறை போட்ட ஒரு கை வருகிறது. அவசரப்படவில்லை. சுண்டுவிரலைத் தூக்குகிறது, மோதிரவிரலை, பிறகு மொத்தக் கையையும் கழற்றி, பட்டையில் திரும்ப வைத்து, மேலே இரண்டு தட்டுத் தட்டுகிறது. மொத்தம் மூன்று விநாடி இருக்கும். அடுத்த விநாடி நாங்கள் இல்லை.

இது எதுவும் எனக்கு ஞாபகமில்லை. மறந்துவிட்டது என்றால்கூடச் சரியில்லை, அந்தக் கை எனக்குத் தெரிந்து அப்படிச் செய்யவே இல்லை. பத்து நாளாக எல்லோரிடமும் இந்த வீடியோவைக் காட்டியிருக்கிறேன், கண்ணில் படவில்லை. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள், நானும் முகத்தைப் பார்த்தேன். ஓமலூரில் ஆட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தவர் கையைப் பார்த்திருக்கிறார்.

அதற்கப்புறம் சில நாள் இதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். டேண்டம் என்பதே 1980-களில் பில் பூத் போன்ற சிலர் உருவாக்கியது. அதற்கு முன்னால் முதல்முறை வருகிறவரும் தனியாகத்தான் குதித்தாக வேண்டும். ஒரு நாள் பயிற்சி கொடுப்பார்கள், பாராசூட்டைத் திறக்கும் கயிற்றை விமானத்தோடு கட்டிவிடுவார்கள். சின்ன செஸ்னா விமானமாக இருந்தால், கதவுக்கு வெளியே போய், இறக்கையைத் தாங்கும் குறுக்குக் கம்பியைப் பிடித்துக் காற்றில் தொங்க வேண்டும். பிறகு கையை விட வேண்டும். இன்றும் இப்படிக் கற்றுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் இதைப் படித்தபோது பாராசூட் திறப்பதைப் பற்றி யோசிக்கவே இல்லை. அந்தக் கம்பியில் இருக்கும் விரல்களை வேறு யாரும் வந்து கழற்றமாட்டார்கள் என்பதிலேயே நின்றுவிட்டேன். புனேக்காரரான ஷீதல் மஹாஜன் 2004-இல் வட துருவத்தில் குதித்தார். அதுதான் அவருடைய முதல் குதிப்பே. அவர் பிறகு, 2018-இல், தாய்லாந்தில் மராட்டியக் கட்டு ஒன்பது கெஜப் புடவையோடும் குதித்தார். புடவையைப் பற்றித்தான் எல்லோரும் எழுதினார்கள். எனக்கு அந்த 2004-தான் பெரிதாகத் தெரிகிறது. குதித்தேன் என்ற வினைச்சொல் அவர்களுக்குச் சொந்தம்.

டேண்டமைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அந்தக் கையுறைக் கை இல்லாவிட்டால் நான் அந்த வானத்தைப் பார்த்தே இருக்கமாட்டேன். அந்தக் கை எவ்வளவு பக்குவமாக வந்தது என்பதை யோசித்தால், ஒரு நாளில் எத்தனை விரல்களை அது இப்படிக் கழற்றியிருக்கும் என்று தோன்றுகிறது. என் குறை வேறு: ஏறிப்போனதையும் இறங்கி வந்ததையும் நான் செய்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வேடிக்கை என்னவென்றால், மிர்திஃப் டனல் வீடியோவும் என்னிடம் இருந்தது. அதையும் எடுத்துப் பார்த்தேன். அங்கேயும் ஒரு வாசல் உண்டு. அதில் நின்று, கையை மேலே தூக்கி, மோவாயை உயர்த்தி, காற்றின் மேல் அப்படியே முன்னால் சாய வேண்டும். முதல்முறை நான் வாசலிலேயே தேங்கி நிற்க, உள்ளே இருந்த பையன் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொள்கிறான். இரண்டாவது முறை அவன் இரண்டடி தள்ளி நின்று வா என்று கை காட்டுகிறான், அவ்வளவுதான். நான் சாய்கிறேன். யாரும் தொடவில்லை. என் கை எதையும் பிடிக்கவில்லை. கீழே வலை, பக்கத்தில் கண்ணாடி, வெளியே பிள்ளைக்கு ஐஸ்கிரீம் ஊட்டும் ஓர் அம்மா. குழாயடிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் வாழ்நாளில் நானாக எதன்மேலாவது விழுந்ததற்கு வீடியோ ஆதாரம் இது ஒன்றுதான். திருநெல்வேலிக்காரரிடம் இதைச் சொன்னேன். "குத்தாலத்துலயும் சீசன் இல்லாதப்ப தண்ணி கிடையாதுல்லா" என்றார். அது எனக்குச் சாதகமான தீர்ப்பா இல்லையா என்று இன்னும் புரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாமாவுக்கு ஃபோன் செய்தேன். மழை, ஆடு, அத்தையின் முட்டி வலி எல்லாம் பேசி முடித்த பிறகு, "மாமா, நீங்க கேட்டீங்கல்லங்க. நான் குதிக்கல. தள்ளித்தான் விட்டாங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சிரித்தார்.

"தெரியும் மாப்ள. கிணத்துத் திட்டுலயும் அந்தக் கைதான. மோட்டார் ரூம் கம்பியப் புடிச்சுக்கிட்டு விடவே மாட்டேன்னுட்ட. நான்தான் விரலை எடுத்துவிட்டுத் தள்ளுனேன். மேல வந்து மூச்சு வாங்குனதும் நானே குதிச்சேன்னு உங்கம்மாகிட்ட ஓடுன. சரி, பையன் சந்தோசமா இருக்கறான், இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அவளும் அங்கதான நின்னுக்கிட்டு இருந்தா."